உலையை இறக்கும் மூச்சு

கோகிலவாணி அக்காவை ஊரை விட்டுப் போகச் சொல்வதற்கு என்னைத்தான் அனுப்பினார்கள். பெண்ணிடம் பெண் பேசினால் பக்குவமாக இருக்கும் என்றார் முதலாளி தரணிதரன். பக்குவத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம் என்பது எங்கள் ஃபவுண்டரியில் எல்லோருக்கும் தெரியும். வேறு யாரும் போகச் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் நறுமுகை. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஊத்துக்காட்டுப்புதூரில் இரும்பை உருக்கி பம்பு உறைகளும் மோட்டார் உறைகளும் வார்க்கிற ஃபவுண்டரியில் புகைக்குப் பொறுப்பான இன்ஜினியர். உலையிலிருந்து கிளம்பும் புகையைப் பிடித்து, தூசியை எடுத்துவிட்டு, சுத்தமான காற்றை மட்டும் சிம்னி வழியாக மேலே அனுப்ப வேண்டும். அதற்காக ஷெட்டுக்கு வெளியே மூன்று மாடி உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான நீளத் துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும். புகை அந்தத் துணியைத் தாண்டுவதற்குள் தூசியெல்லாம் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது காற்றை அடித்து உதறினால் தூசி கீழே கொட்டிவிடும். என் சிம்னி வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிவைத்தால் சாயங்காலம் அதையே உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட சிம்னியை வைத்துக்கொண்டும் கரண்ட் பாதியாகி உலை அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. அதுதான் என் எரிச்சல்.

கோகிலவாணி அக்கா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரில் குயில் இருந்தாலும் மூச்சில் எப்போதும் ஒரு விசில் இருக்கும். ஊரில் வீசிங் என்றாலே அவர்தான்.

"வா கண்ணு. போகச் சொல்லத்தானே வந்திருக்கற?" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படிக்கா தெரியும்?"

"போன வாரம் யூனியன்காரங்க ஆப்பிள் வாங்கிட்டு வந்தாங்க. முந்தாநேத்து உங்க ஃபோர்மேன் சம்சாரம் பருப்புப்பொடி குடுத்துட்டு அழுதுட்டுப் போச்சு. இன்னிக்கு நீ கையில ஸ்வீட் பாக்ஸோட நிக்கற. பாதி ஆயுசு பஸ்ல நின்னவ நானு. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி தூரத்துலயே தெரியும். உக்காரு."

உட்கார்ந்தேன். ஸ்வீட் பாக்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு" என்றார். "என்ற மூச்சுக்கும் உங்க உலைக்கும் என்ன சம்பந்தம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"பழைய சட்டம் சிம்னில என்ன வருதுன்னு பாத்துதுக்கா. கம்பெனிக்காரங்க மீட்டர்லயே தில்லுமுல்லு பண்ணினாங்க. அதனால புதுச் சட்டம் சிம்னிய விட்டுட்டு ஆளோட நெஞ்சப் பாக்குது. எல்லாரும் நெஞ்சுல ஒரு வில்லை ஒட்டிருக்கோமில்ல, அது நம்ம மூச்சு எப்படிப் போயிட்டு வருதுன்னு அளக்குது. சுத்துவட்டாரத்துல யாரு மூச்சு ரொம்ப மோசமோ, அந்த ஒருத்தரோட மூச்சுலதான் உலையக் கட்டி வெச்சிருக்காங்க. அவருக்கு மூச்சு இறுகினா உலைக்குப் போற கரண்ட் தானா பாதியா எறங்கிரும். சரியானாத்தான் ஏறும்."

"ஊர்லயே எளைச்ச மூச்சு யாருக்குத் தாங்குமோ அவ்வளவுதான் புகை வுடலாம். அதானே?"

"அதேதான்."

"நல்ல சட்டம்தானே?"

"ரொம்ப நல்ல சட்டம்க்கா."

"அப்பறம் எதுக்கு எல்லாரும் என்ற வாசல்ல வந்து அழுவறாங்க? அந்த ஒருத்தர் நாந்தான்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. பேரு வெளிய வராது. அந்த ஆளுக்கே தெரியாது."

"தெரியாதில்ல?"

"ஊர்ல வேற யாருக்குக்கா இப்படி இளைக்குது?"

அவர் சிரிக்க ஆரம்பித்து, அது இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலைக் கேட்டதும் நான் என்னை அறியாமல் ஃபவுண்டரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதை அவர் கவனித்துவிட்டார். எனக்குக் கூசியது.

சட்டம் வந்த புதிதில் ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தெருவில் யாரும் குப்பை எரிக்கவில்லை. பைக்குகள் அவர் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றிப் போயின. பிறகு அந்த அக்கறை மெல்லக் கண்காணிப்பாக மாறியது. பனியில் கோயிலுக்குப் போனால் பார்த்தவர்கள் அதட்டினார்கள். அவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டதை யாரோ ஃபவுண்டரிக்குப் போன் செய்து சொன்னார்கள். உலை விழுந்தால் உருகிய இரும்பு பாதியில் குளிர்ந்து போகும், அன்றைக்கு வார்ப்பு கிடையாது, ஷிப்ட்டுக்கு வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் அக்காவின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் நலம் விசாரித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் போனார்கள். மாதத்தில் இன்னும் சில தடவை இப்படி விழுந்தால் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள் என்ற செய்தி வந்த பிறகு, ஒருத்தன் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

"போன செவ்வாக்கெழம உலை விழுந்துச்சுன்னாங்க" என்றார் அக்கா. "அன்னிக்கு நான் நல்லாத்தான் இருந்தேன் கண்ணு. மத்தியானம் சாப்புட்டுட்டு அசந்து தூங்கிட்டேன்."

"தூக்கத்துல இறுகிருக்கும்க்கா. நமக்குத் தெரியாது."

படித்தவள் என்கிற தைரியத்தில் சொன்னேன். ஆனாலும் மனசு கேட்காமல் பையிலிருந்த கை மீட்டரை எடுத்து அவர் வீட்டுக் காற்றை அளந்து பார்த்தேன். சமையலறை, படுக்கை, வாசல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊட்டியில் வீடு கட்டினால்கூட இவ்வளவு சுத்தமான காற்று கிடைக்குமா என்பது சந்தேகம்தான். இந்தக் காற்றுக்கு எதற்கு மூச்சு இறுக வேண்டும் என்று அன்றைக்கே நான் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். என் சிம்னி நன்றாக வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்ற பொண்ணு மைசூர்ல இருக்கா" என்றார் அக்கா கடைசியில். "போய் ஒரு மாசம் இருந்து பாக்கறேன். எனக்காக இல்ல. வேலைக்கு வந்து வேலையில்லாமத் திரும்பறவங்க மூஞ்சியப் பாக்க முடியல. ஆனா ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லோணும். நான் போயி உலை நல்லா ஓடிருச்சுன்னா, அப்பறம் என்னையத் திரும்பி வர வுடுவீங்களா? இது நான் கட்டுன வூடு."

மடியிலிருந்த ஸ்வீட் பாக்ஸை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் எழுந்து, உரித்த வெங்காயத்தில் பாதியை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். ஸ்வீட் பாக்ஸைத் திருப்பி அனுப்பவில்லை. அது மட்டும்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் அவரைப் பஸ் ஏற்றிவிட ஃபோர்மேன் மயிலானந்தன் வந்திருந்தார். ஃபவுண்டரியில் எல்லோருக்கும் அவர் மயிலண்ணன். உலைக்குப் பக்கத்தில் நின்று நின்றே நரைத்தவர். இரும்பு எப்போது பதமாக உருகியிருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், மெஷினும் அதையேதான் சொல்லும். அக்கா ஊரை விட்டுப் போக வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாகக் குரல் கொடுத்தவரும் அவரே. பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் அக்காவின் பெட்டியை அவர்தான் தூக்கினார். வழியில் நின்று, கீழே வைத்து, தூக்கி, மறுபடியும் வைத்தார்.

"துணிதானே இருக்குது தம்பி, அத்தன கனமா?" என்றார் அக்கா.

"மனசுதானுங்கக்கா கனம்" என்றார் மயிலண்ணன். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஷெட்டில் திருவிழாக் களை. பீடை ஒழிந்தது என்று யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் உலைக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. முதல் உருக்கு முடிந்து இரும்பு தளதளவென்று நின்ற நேரத்தில், மயிலண்ணன் ஒரு சின்னக் கரண்டியில் தணலாகச் சிவந்த கசடை அள்ளிக்கொண்டார். இன்னொரு கையில் காய்ந்த மிளகாய், கல் உப்பு, தெருமண். உலையைச் சுற்றி வந்து அதையெல்லாம் தணலில் போட்டார்.

இந்தத் திருஷ்டி விஷயத்தில் எங்கள் பக்கத்து நம்பிக்கை ஒன்று உண்டு. சுட்ட மிளகாயின் நெடி மூக்கில் ஏறினால் திருஷ்டி இல்லை என்று அர்த்தம். நெடியே தெரியவில்லை என்றால் கடும் திருஷ்டி, அது கழிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு ஏறிய நெடியை வாழ்நாளில் மறக்க மாட்டேன். மோல்டிங் ஆட்கள் லுங்கியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கிரேன்காரர் மேலே உட்கார்ந்த இடத்திலேயே இருமினார். முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார். எனக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. மயிலண்ணன் மட்டும் புகைக்கு நடுவில் அசையாமல் நின்றுகொண்டு, "எங்க நெடி? எனக்கு ஒண்ணுமே தெரியலயே!" என்றார். "பாத்தீங்களா, எவ்வளவு திருஷ்டி இருந்திருக்குதுன்னு!"

இருமலுக்கு நடுவே எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உலையின் ரீங்காரம் இறங்கியது. கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தது. கரண்ட் பாதியாகிவிட்டது.

"அந்தம்மா திரும்பி வந்துருச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மசால் தோசை சாப்புட்டுட்டு இருக்கறேன் கண்ணு. சட்னி அவ்வளவு ருசி" என்றார். மூச்சு சீராக வந்தது. "ஏன், இங்கிருந்தும் என்ற மூச்ச எண்ணறீங்களா?"

மைசூர் எங்கே, ஊத்துக்காட்டுப்புதூர் எங்கே. இந்த உலையை இறக்கிய மூச்சு அவருடையது இல்லை. அப்படியானால் இந்த மிளகாய்ப் புகைக்கு இறுகிய நெஞ்சு இந்த ஷெட்டுக்குள்ளேதான் இருக்கிறது. வேலையாட்களின் வில்லைகள் கணக்கில் வராது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஊர் என்றால் வேலிக்கு வெளியே இருக்கிறவர்கள் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம்.

திரும்பி மயிலண்ணனைப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையைத் தூணில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. நெடி தெரியாமல் போனதற்குத் திருஷ்டி காரணமில்லை. அவரால் மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை.

ஓடிப்போய் அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடத்திக் கூட்டிப்போனேன். துணிப்பைகள் தொங்கும் பெட்டிக்குப் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நன்றாக வீசும். ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்து உட்காரவைத்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழுத்தார்.

உள்ளேயிருந்து கிரேன்காரர் கத்தினார். "ஏறுது மேடம்! கரண்ட் ஏறுது!"

மயிலண்ணனுக்குப் புரையேறி இருமல் வந்தது.

"எறங்கிருச்சு!"

இருமல் நின்றது.

"ஏறுது! ஏறுது!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

"அம்மணி" என்றார் மெதுவாக. "யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

"உலை எறங்கறப்பெல்லாம் எனக்கு நெஞ்சு முட்டுமுங்க. மொதல்ல பயத்துல முட்டுதுன்னு நெனச்சேன். அப்பறம்தான், முட்டறதுனாலதான் எறங்குதோன்னு ஒரு சந்தேகம்."

"சந்தேகம் இருந்துமா அக்காவ அனுப்பினீங்க?"

"நிச்சயமாத் தெரியாதுங்களே. ரெண்டு பேர்ல ஒருத்தர்னு நெனச்சேன். அவியளாத்தான் இருக்கோணும்னு தெனம் சாமி கும்புட்டேன்." அவர் தேம்பினார். "மூச்சு சரியில்லீன்னு தெரிஞ்சா உலைக்கிட்ட நிக்க வுடுவாங்களா? எனக்கு வேற என்னங்க தெரியும்?"

எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. ஆனால் என் கை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா முதலில் என்னைத்தான் திட்டினார், மகள் என்று நினைத்துவிட்டார். நுரையீரல் முழுக்கத் தூசி படிந்திருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் இப்படியே போயிருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார். "இப்ப வந்தீங்களே, நல்லதாப் போச்சு. போனது திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திரலாம். சுத்தமான காத்து வேணும், மருந்து வேணும். நடமாடலாம், வேலை பாக்கலாம், பேரன் பேத்தி எடுக்கலாம்." வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு நிம்மதி. சேதி கேட்டு வந்திருந்த மயிலண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் கை மீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். மீட்டர் காட்டக்கூடிய எண்கள் தீர்ந்துபோய், திரையில் வெறும் கோடுதான் வந்தது. சிம்னியைத் தினமும் அளந்த நான் இங்கே ஒரு தடவைகூட அளந்ததில்லை. சட்டம் வந்ததும், புகை வெளியே கசியக்கூடாது என்று கூரையில் இருந்த திறப்புகளை எல்லாம் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். உலைக்கு மேலே புகையை உறிஞ்சுகிற மூடி ஒன்று உண்டு. பழைய இரும்பை உலையில் கொட்டும்போது அது இடைஞ்சல் என்று ஆட்கள் ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள், புகை அதிகமாகக் கிளம்புவதும் அப்போதுதான். வார்க்கிற இடத்தில் மூடியே கிடையாது. என் பைகளைக் குறை சொல்ல முடியாது, அவற்றிடம் வந்து சேர்ந்த புகையை எல்லாம் அவை ஒழுங்காகப் பிடித்தன. வராத புகையை மயிலண்ணன் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மயிலண்ணனின் இருமலோடு கரண்ட் ஏறி இறங்கியதை ஐம்பது பேர் கேட்டிருக்கிறார்கள், மறைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை முதலாளி மயிலண்ணன் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே யூனியன்காரர்கள். கையில் ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ்.

"தாராபுரத்துல உங்க மாமனார் வீடு இருக்குதில்லீங்க" என்று முதலாளி ஆரம்பித்தார். "அங்க காத்து நல்லா இருக்கும். நீங்க மரியாதையா ஓய்வு எடுக்கணும்னுதான்..."

மயிலண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேனுங்க" என்றார். உள்ளே அவர் மனைவி அழுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் கோகிலவாணி அக்கா உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவருக்கு எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தார். மூச்சில் அந்த விசில் கேட்டது.

மயிலண்ணன் எழுந்து நின்றார். "அக்கா, என்னையத் திட்டிருங்க" என்றார்.

"திட்டத்தான் போறேன். உன்ற மேல எனக்கு இருக்கற கோவம் எங்கயும் போயிராது. அத அப்பறம் நிதானமா வெச்சுக்கறேன்" என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டு அக்கா முதலாளியிடம் திரும்பினார். "இவனையும் எறக்கி வுடப் போறீங்களா?"

"எறக்கி விடறதில்லீங்க, ஓய்வுக்கு..."

"எனக்கும் அப்படித்தான் சொன்னீங்க. சரி, இவன் போறான். அப்ப அடுத்தது நானு. நானும் போயிட்டேன்னு வெய்யுங்க. அதுக்கடுத்தது யாரு? பால்காரர் பொண்ணு மாசமா இருக்குது, நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. அதையும் அனுப்பிருங்க. அப்பறம்? உங்க பாப்பாவுக்குப் பனி ஆகாதுன்னு உங்க சம்சாரமே எங்கிட்ட சொல்லிருக்குது. எப்பவும் யாரோ ஒருத்தர் கடைசியில நிப்பாங்கள்ல? ஒவ்வொருத்தரா எறக்கி வுட்டுட்டு, காலி பஸ்ஸ ஓட்டிட்டுப் போயி யாருக்குங்க டிக்கெட் குடுப்பீங்க?"

 முதலாளி மோசமான மனுஷர் இல்லை. தன் மகள் பெயர் அடிபட்டதும் முகம் சுருங்கிப்போய், கையிலிருந்த ஸ்வீட் பாக்ஸைக் கீழே வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நறுமுகை, உள்ள இருக்கற புகையப் புடிக்க என்ன வேணும்?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் நான் அழுதது அது ஒரு தடவைதான்.

அதற்காக உலையைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டியிருந்தது. ஆட்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வேலையை அவர்களே கூட இருந்து செய்தார்கள். பழைய இரும்பைக் கொட்டும்போது ஒதுக்கத் தேவையில்லாமல், கொட்டுகிற வாளியோடு சேர்ந்தே நகர்கிற மாதிரி ஒரு மூடி செய்தோம். வார்க்கிற இடத்தில் பக்கவாட்டில் உறிஞ்சும் குழாய்கள் போட்டோம். அடைத்த கூரைக்கு அடியிலிருந்து துணிப்பைப் பெட்டிக்கு இன்னொரு பெரிய குழாய் போனது. பெட்டியில் இன்னும் நிறையப் பைகளைச் சேர்த்தோம். கோகிலவாணி அக்கா தினம் ஒரு தடவை வந்து நின்று, எல்லோரையும் வேலை வாங்குகிற மாதிரி பார்த்துவிட்டுப் போவார். மயிலண்ணனைத் திட்டுகிற வேலையும் கூடவே நடந்தது. தவணை முறையில்.

மயிலண்ணனுக்குக் கண்ணாடி போட்ட கண்ட்ரோல் ரூமில் இடம் கொடுத்தோம். இரும்பின் நிறத்தைக் கண்ணாடி வழியாகவே பார்த்துச் சொல்கிறார். "கிட்ட நின்னு பாக்கற மாதிரி வராதுங்க அம்மணி" என்று அலுத்துக்கொள்வார். உருக்கு என்னவோ முன்னைப் போலத்தான் பதமாக வருகிறது. யாராவது பழைய பழக்கத்தில் மூடியைத் தள்ளப் போனால் மைக்கில் அவர் போடுகிற சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும். அப்படிச் சத்தம் போட இப்போது அவருக்கு மூச்சு இருக்கிறது.

மறுபடியும் உலை மூட்டிய பிறகு வெகுநாள் கரண்ட் இறங்கவே இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம் இறங்கியது.

அலாரம் அடித்ததும் கண்ட்ரோல் ரூமில் இருந்த நான் முதலில் மயிலண்ணனைத்தான் பார்த்தேன். சீராக மூச்சு விட்டுக்கொண்டு, டம்ளரை வாயருகே பிடித்தபடி அவரும் என்னைப் பார்த்தார். அவர் இல்லை. அக்காவுக்குப் போன் போடலாமா என்று கை பாக்கெட்டுக்குப் போனது. போடவில்லை. பால்காரர் மகளாக இருக்கலாம், முதலாளியின் பாப்பாவாக இருக்கலாம். தினமும் இங்கேயே நிற்கிற நானாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெதுவாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது. ஆனால் அந்த ஆளுக்கே தெரியாது என்பதுதானே சட்டம்.

கீழே யாரோ கேட்டார்கள். "இப்ப யாருங்க?"

மயிலண்ணன் மைக்கை எடுத்தார். "யாருன்னு எதுக்குடா உனக்கு? எங்கன்னு போய்ப் பாரு."

நாலு பேர் துணிப்பைப் பெட்டியில் ஏறினார்கள். நானும் பின்னாலேயே ஏறினேன். ஓரத்து வரிசையில் ஒரு பை தையல் விட்டுக் கிழிந்து, அதன் வழியே சாம்பல் நிறத்தில் தூசி கசிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதுப் பையை மாட்டினோம். இறங்கி வந்து கைகழுவிக்கொண்டிருக்கும்போது உலையின் ரீங்காரம் கூடியது. ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

"யாரோ நல்லா இழுத்து மூச்சு வுட்டுட்டாங்க" என்றார் மயிலண்ணன் மைக்கில். "மகராசனா இருக்கட்டும். ம், இரும்பு ஆறிரும், எடுங்கப்பா."